செக்கரம்மாவும் குற்றமே நடக்காத தெருவும்

பூட்டுக்காரருக்கு அந்தத் தெருவின்மேல் பதினோரு வருஷக் கோபம் உண்டு. யாராவது ஒருத்தர் அவரைப் பார்த்துத் திருடன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சட்டையைப் பிடித்து உலுக்கி, இரண்டு கொடுத்து நாலு வாங்கிக்கொண்டு, கோபத்தைத் தீர்த்திருப்பார். யாரும் சொல்லவில்லை. பார்த்தார்கள். அவ்வளவுதான். நாற்பது தலை ஒரே நேரத்தில் திரும்பி, கதவோரம் நின்றிருந்த அவரைப் பார்த்தது. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். பார்த்த பார்வையை எப்படித் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்வது?

அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் இன்றைக்கும் அவரிடம்தான் சாவி வெட்டிக்கொண்டு போகிறார்கள். வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை.

விடாமல் பேசியது ஒரே ஒருவர்தான். இது அந்த அம்மாளைப் பற்றியது.

ஏழாம் நம்பர் வீட்டில் இருந்த அவரைத் தெருவே செக்கரம்மா என்று கூப்பிடும். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை, இருபத்தெட்டு வருஷம். ஆள் குட்டை, குரல் மட்டும் ஆறடி. சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த பிறகும் அந்த நடை அவரை விட்டுக் கழலவில்லை. தெருவில் அவர் எதிரே வந்தால் எப்பேர்ப்பட்ட மனிதரும் தன்னை அறியாமல் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

அவரைப் பற்றித் தெருவில் ஒரு கதை உண்டு. கதை இல்லை, நடந்ததுதான். அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது ஒருநாள் டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்து, "என் வீட்டுக்காரி செக்கர்" என்று கண்டக்டரிடம் பீற்றிக்கொண்டாராம். அடுத்த நிறுத்தத்தில் ஏறியது வீட்டுக்காரி. மனிதர் பல்லைக் காட்டினார். அம்மாள் அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினார். "உங்க பேரு?" என்று வேறு கேட்டாராம். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு வாரம் கணவர் வேலைக்கு நடந்தே போனார்.

வேலை பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் திருட்டு முழி முழிக்கிறவனிடம் நேராகப் போய் நிற்கமாட்டார். கடைசி சீட்டில் ஆரம்பித்து, ஒருத்தர் விடாமல் கேட்டுக்கொண்டே முன்னால் வருவார். கேட்டால் சொல்வார்: "முழிக்கிறவன் கிட்ட டிக்கெட் இருக்கும்யா. பயந்தவன்தான் முழிப்பான். எடுக்காதவன் ஜன்னல் வழியா ஜம்முனு வேடிக்கை பார்த்துட்டு வருவான்."

தெருவில் நாற்பத்திரண்டு வீடு. நுழைகிற இடத்தில் குடியிருப்போர் சங்கத்தின் அலுவலகம். அதன் சுவரோரமாகப் பூட்டுக்காரரின் தகரப் பெட்டிக் கடை. அதற்கு நேர் மேலே நீல எழுத்தில் ஒரு பலகை: "இது குற்றமே நடக்காத தெரு." பலகை வைத்தவர் சங்கச் செயலாளர். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆயுள் முழுக்கப் புள்ளிவிவரம் எழுதிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர். வருஷா வருஷம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் எத்தனை திருட்டு, எத்தனை வழிப்பறி என்று எழுதி வாங்கிவந்து, சங்க அலுவலகச் சுவரில் கோடு வரைந்து ஒட்டுவார். மற்ற தெருக்களின் கோடுகள் ஏறி இறங்கி ஆட்டம் போடும். இந்தத் தெருவின் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வீடு பார்க்க வருகிறவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, தன் பெண்ணின் மார்க்கைக் காட்டுகிற தகப்பனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்.

பக்கத்துப் பகுதியில் திருட்டு கூடுகிறது என்று கேள்விப்பட்ட ஒரு வருஷம், செயலாளருக்கு ஒரு யோசனை பிறந்தது. எல்லா வீட்டுக் கம்பிக் கதவுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு. பார்க்க ஒழுங்காக இருக்கும்; திருடனுக்கும் ஒரு பயம் இருக்கும். மொத்த வியாபாரியிடம் ஒரு பெட்டிப் பூட்டு வாங்கி வந்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். பளபளவென்று பித்தளை நிறம். உள்ளே இருந்தது என்னவோ தகரம்தான்.

பூட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய தலைக்கு மேலேயே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபது வருஷமாகப் பூட்டோடு புரண்டவர் சுவரோரம் உட்கார்ந்திருக்க, பூட்டென்றால் வலமா இடமா என்று தெரியாத மனிதர் பூட்டு வாங்கிவந்தார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரு வாரம் கழித்து ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர் இன்னொரு சாவி வெட்டக் கொண்டுவந்தார். மறுநாள் இருபத்தொன்றாம் நம்பர் வீட்டு அம்மாள். சாவியின் தலையில் பொடியாக ஓர் எண் அடித்திருக்கும். சாமானியர் அதைப் பார்க்கமாட்டார்கள். பூட்டுக்காரர் பார்த்தார். முந்நூற்றுப் பதினேழு. நேற்று வந்ததும் முந்நூற்றுப் பதினேழு. ஒரே எண் என்றால் ஒரே வெட்டு. ஒரே வெட்டு என்றால் இந்த வீட்டுச் சாவி அந்த வீட்டைத் திறக்கும்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சங்க அலுவலகம் பத்து அடி தூரம்கூட இல்லை. பூட்டுக்காரர் சாவியை வெட்டி, அரத்தால் பிசிறைத் தட்டி, அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அடுத்த இரண்டு மாதத்தில் நாலு வீட்டில் திருட்டு. நாலும் பட்டப்பகலில், ஆள் இல்லாத நேரத்தில். புதுப் பூட்டு வந்த தைரியத்தில் எல்லாரும் உள் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போகிற பழக்கத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு வீட்டில் நகை, ஒரு வீட்டில் கேமரா, ஒரு வீட்டில் புதுத் தையல் மெஷின். ஏழாம் நம்பரில் ஒரு கைக்கடிகாரம். செக்கரம்மா ஓய்வு பெற்ற அன்றைக்கு டிப்போவில் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. எந்தப் பூட்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். "பூட்டு விஷயம் பேசறோம், நீங்களும் வந்தா நல்லது" என்று செயலாளர் பூட்டுக்காரருக்கும் ஆள் அனுப்பினார். கடைசியில் புத்தி வந்துவிட்டது, நம்மிடம் யோசனை கேட்கப்போகிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். நாற்காலி இல்லை. கதவோரம் நின்றார்.

"பூட்டு உடையல. கம்பி வளையல. நாலு வீட்லயும் சாவி போட்டுத் திறந்திருக்கான்," என்றார் செயலாளர். "நான் யாரையும் சொல்லல. யோசிச்சுப் பாருங்கன்னு மட்டும் சொல்றேன்."

யோசித்தார்கள். அதிக நேரம் ஆகவில்லை. முன்னால் சொன்ன நாற்பது தலையும் அப்போதுதான் திரும்பியது. சரியாக எண்ணினால் முப்பத்தொன்பது. மூன்றாவது வரிசையில் ஒரு தலை மட்டும் செயலாளரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கம்ப்ளெயின்ட் கொடுத்தாச்சா?" என்று கேட்டார் செக்கரம்மா.

"எதுக்கும்மா? கொடுத்தா கேஸ் விழும். நாலு கேஸ் விழுந்தா நம்ம கோடு எங்க போய் நிக்கும், யோசிங்க. நாளைக்கு யார் இந்தத் தெருவுக்குக் குடி வருவாங்க?"

"அப்ப என் வாட்சு?"

"போனது போகட்டும். இனிமே போகாம பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு, செயலாளர் இன்னொரு தடவை கதவுப் பக்கம் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் பூட்டுக்காரரின் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிப்போனார். "மாசக் கடைசிக்குள்ள பெட்டியை எடுத்துக்குங்க. நாங்க போலீஸ் கீலீஸ்னு போகல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்." அந்தக் கையை எடு என்று சொல்லக்கூடப் பூட்டுக்காரருக்கு அப்போது வாய் எழவில்லை.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டு, "வேற தெரு பார்த்துக்கலாம் விடுங்க. கையில தொழில் இருக்கு," என்றாள். கையில் தொழில் இருப்பதுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை செக்கரம்மா கடைக்கு வந்தார். பித்தளை நிறப் பூட்டையும் சாவியையும் பலகைமேல் 'டக்'கென்று வைத்தார்.

"யோவ் பூட்டு, திருடினது நீயா?"

அந்தத் தெருவில் அவரிடம் யாராவது நேருக்கு நேர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"இல்லம்மா."

"சரி, அது முடிஞ்சுது. இப்ப உனக்கு என்ன தெரியும், அதைச் சொல்லு."

"எனக்கு என்ன தெரியும்? நான் சாவி வெட்டறவன்."

"இருபத்தெட்டு வருஷமா மூஞ்சி பார்த்துப் பிழைச்சவ நான். நேத்து உன் மூஞ்சில கோபம் பாதிதான் இருந்துது. மீதி பயம். எதுக்குய்யா பயந்தே?"

பூட்டுக்காரர் அரத்தை எடுத்தார், வைத்தார். பிறகு செக்கரம்மாவின் சாவியைத் திருப்பித் தலையைக் காட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்கு, பாருங்க."

செக்கரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சாவியை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். "முந்நூத்திப் பதினேழு."

"ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சாவியும் முந்நூத்திப் பதினேழு. இருபத்தொண்ணும் அதேதான். ஒரே வெட்டு. மலிவா மொத்தமா வாங்கினா இப்படித்தாம்மா வரும். பெட்டி முழுக்கத் தேடினாலும் ஆறேழு வெட்டுக்கு மேல இருக்காது."

"அப்ப ஒன்பதாம் நம்பர் சாவி என் வீட்டைத் திறக்கும்."

"திறக்கும்."

"இது எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"பூட்டு மாட்டின ஒரு வாரத்துல."

"ஏன் சொல்லல?"

"என்னைக் கேட்டா வாங்கினாங்க?"

செக்கரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவரைப் பார்த்தார். அந்த நேரத்தில் கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன் என்று பூட்டுக்காரர் பிற்பாடு மனைவியிடம் சொன்னார்.

"திருடு போகும்னு நினைக்கலம்மா. அந்த ஆளு ஒருநாள் என் முன்னாடி வந்து நின்னு, நீங்க சொன்னது சரின்னு சொல்லணும். அவ்வளவுதான் நினைச்சேன்."

"நீதான் எதுவுமே சொல்லலையேய்யா! அப்புறம் எதைச் சரின்னு சொல்லுவான்?"

பூட்டுக்காரர் அரத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"கேளு," என்றார் செக்கரம்மா. "சொல்லாம இருந்தது தப்பு. சின்னத் தப்பு இல்ல. என் வாட்சு போச்சு. ஆனா நீ திருடல. இது வேற, அது வேற. ரெண்டையும் ஒரே டிக்கெட்ல போட்டு யாரும் உன்னை வண்டியை விட்டு இறக்க முடியாது."

"இப்பப் போய்ச் சொன்னா, இவன்தான்னு முடிவே கட்டிடுவாங்கம்மா. நான் பேசாம வேற தெருவுக்குப் போயிடறேன்."

அப்போதுதான் அந்த அம்மாளுக்கு உண்மையாகக் கோபம் வந்தது. "போ. போயேன். நீ போனதும் திருட்டு நின்னா, பார்த்தியா, அவன் போனான், நின்னுதும்பாங்க. நிக்கலைன்னா, பழைய சாவியெல்லாம் கொண்டுபோயிட்டாம்பாங்க. கேஸே போடாம உனக்குத் தண்டனை கொடுத்திருக்காங்கய்யா. கேஸ் இருந்தாத்தான் விசாரணை. விசாரணை இருந்தாத்தான் விடுதலை. பூஜ்யம் பூஜ்யம்னு கோடு போட்டானே, அந்தப் பூஜ்யத்துக்குள்ளதான் உன்னைப் போட்டு மூடியிருக்கான். மூச்சு முட்டல உனக்கு?"

முட்டத்தான் செய்தது.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. எல்லாரும் வீட்ல இருப்பாங்க. என்கூட நட. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே. சொன்னதும் திற."

ஞாயிற்றுக்கிழமை செக்கரம்மா கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தார். நாற்பத்திரண்டாம் நம்பர். வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன செக்கரம்மா, காலங்காத்தால?"

"உங்க கம்பிக் கதவைப் பூட்டுங்க. என் சாவியைப் போட்டுத் திறந்து பார்க்கப் போறேன்."

"உங்க சாவியில எங்க வீடு எப்படித் திறக்கும்?"

"திறக்கலைன்னா உங்களுக்குச் சந்தோஷம்தானே? பூட்டுங்க."

திறக்கவில்லை. நாற்பத்தொன்று, திறக்கவில்லை. நாற்பதும் இல்லை. அதற்குள் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. "ரிடையர் ஆனது மறந்துபோச்சுபோல," என்றது ஒரு குரல். "சில்லறையா வச்சுக்குங்கப்பா," என்றது இன்னொன்று. எல்லாரும் சிரித்தார்கள். செக்கரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டுக்காரர் வீட்டு எண்களை எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தார். ஒருவேளை இந்தப் பக்கம் ஒரு முந்நூற்றுப் பதினேழும் இல்லாமல் போய்விட்டால்? இந்தச் சிரிப்போடேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

முப்பத்து மூன்றாம் நம்பர். சாவி உள்ளே போனது. திரும்பியது. சொடக்.

அந்தச் சின்னச் சத்தத்தில் தெருவே வாயை மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் தன் பூட்டையும் செக்கரம்மாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மூடி வைங்க," என்று சொல்லிவிட்டு செக்கரம்மா அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

இருபத்தொன்று திறந்தபோது செயலாளர் ஓடி வந்துவிட்டார். "என்னம்மா இது அநியாயம்? அடுத்தவங்க வீட்டுப் பூட்டைத் திறக்கறது குற்றம், தெரியுமா?"

"குற்றமா? அப்ப கம்ப்ளெயின்ட் கொடுங்க. வாங்க, சேர்ந்தே போவோம் ஸ்டேஷனுக்கு."

செயலாளர் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் அவர் வீட்டு வாசலிலிருந்து அவருடைய மனைவி, கையில் சாவியோடு, எதிர் வீட்டை நோக்கித் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவருக்கே தோன்றியிருக்கிறது. போட்டார். திருகினார்.

"ஏங்க! எதிர் வீடு திறக்குதுங்க!"

அந்தக் குரலில் பயம் கொஞ்சம்தான். சந்தோஷம்தான் அதிகம். அதோடு முடிந்தது ஒழுங்கு. அவரவர் உள்ளே ஓடிச் சாவியை எடுத்துவந்தார்கள். ஒரு மணி நேரம் அந்தத் தெருவில் எல்லாரும் எல்லார் வீட்டையும் திறந்தார்கள். எட்டாம் நம்பர் மாமியார் சாவி பதினைந்தாம் நம்பர் மருமகள் வீட்டைத் திறந்தது. அந்த இரண்டு பேருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கமாட்டேன்னு சொன்னீங்க?" என்று மருமகள் கேட்க, "கால் வைக்கல, சாவிதான் வச்சேன்," என்றார் மாமியார். பேச்சு அன்றைக்கு அப்படித் திரும்ப ஆரம்பித்தது. செயலாளர் மட்டும் தெரு நடுவில், யாரோ ஊரையே அவிழ்த்துவிட்டதுபோல நின்றுகொண்டிருந்தார்.

கூத்து கொஞ்சம் அடங்கியதும் செக்கரம்மா திரும்பினார். "யோவ் பூட்டு. இப்ப திற."

பூட்டுக்காரர் நடுத்தெருவுக்கு வந்தார். சொன்னார். "எனக்கு இது முன்னாடியே தெரியும். சாவி வெட்ட வந்தப்பவே நம்பரைப் பார்த்தேன். என்னைக் கேட்காம வாங்கினீங்கன்னு கோபம், சொல்லல. அது என் தப்பு. திருடினது நான் இல்ல. இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது."

"தெரிஞ்சு வச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தியா?" என்று நகை பறிகொடுத்தவர் எகிறிக்கொண்டு வந்தார்.

செக்கரம்மா குறுக்கே நின்றார். "முதல்ல பூட்டை மாத்துங்க. அப்புறம் ஸ்டேஷனுக்கு வாங்க. அதுக்கப்புறம் அவன்கூடச் சண்டை போடுங்க. வரிசையா வாங்க."

ஸ்டேஷனுக்கு வந்தது நாலு பேர். செக்கரம்மா, பூட்டுக்காரர், கேமரா பறிகொடுத்தவர், தையல் மெஷின் அம்மாள். மேஜையில் இருந்த போலீஸ்காரர் தெருப் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தத் தெருவா? அங்கதான் குற்றமே நடக்காதேம்மா."

"நடந்திருக்கு. எழுதுங்க."

"எதுக்கும் செயலாளர் கிட்ட ஒரு வார்த்தை..."

"வாட்சு அவரோடது இல்ல."

சாயங்காலம் நாலு மணி வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். செக்கரம்மா அசையவில்லை. பஸ்ஸில் நின்றே பழகினவர். உட்கார இடம் கொடுத்துத் தன்னைக் களைப்பாக்கப் பார்க்கிறார்களே என்று சிரித்தார். கடைசியில் எழுத உட்கார்ந்த போலீஸ்காரர், "யார்மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றார் பூட்டுக்காரர். "என்மேல. எழுதிக்குங்க. வீடு, கடை எல்லாம் வந்து பாருங்க. கைரேகை வேணும்னா எடுங்க."

போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என் சர்வீஸ்ல, தன் பேரைத் தானே எழுதச் சொன்ன ஆளு நீதான்யா."

"எழுதுங்க சார். எழுதினாத்தான் பேரை ஒருநாள் அடிக்க முடியும்."

இதைச் சொல்லச் சொல்லிச் செக்கரம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. பூட்டுக்காரருக்கே வந்தது. பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து அந்த அம்மாள் ஒரு தலையாட்டு ஆட்டினார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு.

ஏழு வாரம் கழித்து ஆள் அகப்பட்டான். முப்பத்து மூன்றாம் நம்பர் மாடி அறையில் வாடகைக்கு இருந்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் காலி செய்துகொண்டு போனவன். குடி இருந்தபோது, ஒருநாள் ஞாபக மறதியில் இருபத்தொன்றாம் நம்பர் கதவைத் தன் கதவென்று நினைத்துத் திறந்துவிட்டானாம். அங்கே பிறந்த யோசனை. கேமரா கிடைத்தது, தையல் மெஷின் கிடைத்தது. கைக்கடிகாரம் எங்கேயோ விற்றுப்போய்விட்டது, வரவில்லை. பூட்டுக்காரரின் பெயரை அடித்துவிட்டதாக ஒரு காகிதம் வந்தது. அவர் கடை அங்கேயே இருந்தது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் நாற்பத்திரண்டு விதமான பூட்டு மாட்டியதும் அவர்தான்.

எல்லாம் சரியானது. ஒன்று மட்டும் ஆகவில்லை. தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தன் தப்பை அவர் நடுத்தெருவில் நின்று சொன்னார். அவர்கள் தங்கள் தப்பை வீட்டுக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. செயலாளர் அந்த வருஷம் கோடே வரையவில்லை. அடுத்த வருஷம் புதுத் தாளில், அந்த வருஷத்திலிருந்தே உலகம் ஆரம்பித்ததுபோல, முதலிலிருந்து வரைந்தார். தரையோடு தரையாக.

செக்கரம்மா விடவில்லை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எல்லாம் பேசி முடித்து, "வேற ஏதாவது இருக்கா?" என்று செயலாளர் கேட்பார். மூன்றாவது வரிசையில் ஒரு கை எழும்.

"பூட்டுக்காரர் விஷயம் பாக்கி இருக்கு."

"அது முடிஞ்சுபோச்சேம்மா."

"உங்களுக்கு முடிஞ்சுது."

முதல் வருஷம் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். மூன்றாம் வருஷம் சிரித்தார்கள். ஆறாம் வருஷத்துக்குப் பிறகு, கை எழுவதற்கு முன்னாலேயே நாற்காலியை மடக்க ஆரம்பித்தார்கள். ஒரு வருஷமும் கை எழாமல் இல்லை. கூட்டம் முடிந்து நேராகக் கடைக்கு வந்து, "இந்த வருஷமும் அந்தப் பார்வையை யாரும் திருப்பி வாங்கிக்கல," என்று சொல்லிவிட்டுப் போவார். "விடுங்கம்மா, எதுக்கு வம்பு?" என்பார் பூட்டுக்காரர். விட்டுவிடப்போகிறாரே என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு வருஷமும் அப்படிச் சொல்வார்.

இந்த வருஷம் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, செக்கரம்மாவின் மகள் கடைக்கு வந்தாள். வெளியூரில் இருப்பவள்; அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "அம்மா உங்களை வரச் சொல்றாங்க."

மத்தியானம் போனார். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து, தெருவைப் பார்க்கிற மாதிரி ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் பாதியாகியிருந்தார். குரல் மட்டும் இன்னும் நாலடி பாக்கி இருந்தது.

"உக்காருய்யா. டாக்டர் வந்துட்டுப் போனான். என் மூஞ்சியைப் பார்க்காம ஜன்னலையே பார்த்துப் பேசறான். டிக்கெட் எடுக்காதவன் மாதிரி."

"அம்மா, சும்மா இரேன்," என்றாள் மகள்.

"இருக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டு பூட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "எனக்கப்புறம் வீட்டைப் பூட்டிட்டு இவ ஊருக்குப் போயிடுவா. பூட்டின வீட்டுச் சாவியைச் சங்கத்துல கொடுக்கணுமாம், வழக்கமாம். செயலாளர் நேத்தே வந்து கேட்டுட்டுப் போயிட்டான், ஆள் இன்னும் போகலைன்னுகூடப் பார்க்காம. உன்கிட்டதான் கொடுக்கணும்னு இவகிட்டச் சொல்லிட்டேன்."

"என்கிட்டயாம்மா?" பூட்டுக்காரர் மகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "பெரிய வீடு. நாளைக்கு ஒரு குண்டூசி காணாம போனாலும்..."

"உன்னைத்தான் சொல்லுவாங்க. சொல்லட்டும். வாயைத் திறந்து சொல்லட்டும். அதுக்காவது ஒரு தைரியம் வரட்டும் அவங்களுக்கு."

பூட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "சரிம்மா. இப்பவே கொடுக்கச் சொல்லுங்க. சத்தம் போடாம வாங்கி வச்சுக்கறேன். நீங்க நல்லா எந்திரிச்சதும் திருப்பிக் கொடுத்துடறேன்."

"அதுதான் கூடாது," என்றார் செக்கரம்மா. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு இவ போவா. நீயும் போ."

"அந்த ரூமுக்குள்ள நான் கால் வச்சுப் பதினோரு வருஷம் ஆச்சும்மா."

"எண்ணிக்கிட்டிருக்கே இல்ல? நானும்தான் எண்ணிக்கிட்டிருக்கேன். கேளு. வேற ஏதாவது இருக்கான்னு அவன் கேட்பான். இவ எந்திரிச்சு, ஏழாம் நம்பர் வீட்டுச் சாவியைப் பூட்டுக்காரர் கிட்டக் கொடுக்கச் சொல்லி அம்மா சொன்னாங்கன்னு சொல்லுவா. நீ கதவுகிட்ட நிக்காதே. உள்ள வா. எல்லாருக்கும் நடுவுல வந்து நின்னு வாங்கு."

"வாங்கிட்டு?"

இருமல் வந்தது. மகள் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிட்டார்.

"வாங்கினதும் பையில போட்டுடாதே, யோவ். கொஞ்ச நேரம் கையிலயே வச்சிரு."